தகன நேரம் இல்லாத அறிவித்தல்

பால் சேர்ந்த எதையும் இரண்டு தரம் மணந்து பார்க்காமல் தயாபரன் வாயில் வைக்கமாட்டான். சின்ன வயதில் ஒருநாள் அக்கா மேனகா கலந்து கொடுத்த பால் திரைந்து போயிருந்து, வயிற்றாலடித்துக் கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்தவன். அன்று தொடங்கிய பழக்கம் தலை நரைத்தும் விடவில்லை. கலியாணமான புதிதில் மனைவி ஜீவராணி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்ட, இவன் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒரு தரமும், கொஞ்சம் விலக்கிவிட்டு மறுபடி ஒரு தரமும் மணந்தான். அவள் குசினிக்குள் போய் அழுதாள். இப்போது அழுவதில்லை. "மணந்து முடிஞ்சுதோ? குடியுங்கோ," என்பாள்.

பாலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளவத்தையில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியில், லிஃப்டுக்குள் புது முகம் ஒன்று ஏறினால் தன் மாடியில் இறங்காமல் மேலே போய், படியால் இறங்கி வருவான். வங்கியிலிருந்து உண்மையாகவே அழைத்தாலும் தன் பெயரைச் சொல்லமாட்டான். அவனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பில் தமிழ்ப் பெடியனாக அந்தக் கெட்ட வருசங்களில் வளர்ந்தவன். கதவு தட்டப்பட்டால் முதலில் மூச்சை அடக்கிவிட்டுப் பிறகு ஆரென்று யோசிக்கப் பழகிய வீடு அது. சண்டை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. றோட்டில் இருந்த சோதனைச்சாவடிகள் எல்லாம் எடுபட்டுவிட்டன. அவனுக்குள் இருந்தது மட்டும் எடுபடவில்லை.

இப்படிப்பட்டவன் போய், யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் உள்ளே பார்த்துத் திருத்தம் சொல்லலாம் என்று உலகத்துக்கே திறந்துவைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைச் செய்தான் என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் செய்தான். பெயர் 'வாசிப்பான்'. அது வாசிப்பது மரண அறிவித்தல்களை. "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் அன்புத் தந்தையும், இன்னாரின் அன்புச் சகோதரரும்" என்று மூச்சு விடாமல் ஓடுமே, அந்த வசனம். அதைக் கொடுத்தால், பிறந்த ஊர் எது, பிள்ளைகள் யார், மருமக்கள் யார், சகோதரங்கள் யார் என்று வாசிப்பான் பிரித்து வைக்கும். கனடாவில் ஒரு செய்தித் தளம் பாவிக்கிறது. வம்சாவளி தேடுகிறவர்கள் பாவிக்கிறார்கள். தயாபரன் பகலெல்லாம் ஒரு கம்பனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவன். அதில் அவன் பெயர் எங்கேயும் வராது. வாசிப்பானின் முகப்பில் மட்டும் 'ஆக்கியவர்: முத்துலிங்கம் தயாபரன், கொழும்பு' என்று இருக்கும். சந்தேகப் பிராணி தன் முழுப் பெயரை வெளியில் போட்ட ஒரே இடம் அதுதான்.

அதைத் தொடங்கியது அப்பா முத்துலிங்கம் செத்த வருசம். அப்பாவின் அறிவித்தலைப் பேப்பருக்கு ஃபோனில் சொன்னது அவன்தான். "பிள்ளைகள்?" என்று மறுமுனையில் கேட்டார்கள். "தயாபரன்," என்றான். "வேற?" கொஞ்சம் பொறுத்து, "வேற இல்லை," என்றான். கொட்டாஞ்சேனையில் மின்சாமான் கடை வைத்திருந்த முர்ஷித்தைக் கட்டிக்கொண்டு அக்கா போன நாளிலிருந்து அப்பா அந்த வீட்டில் அவள் பெயரை எடுக்க விட்டதில்லை. அப்பாவும் போய்விட்டார், அம்மா அவருக்கு முன்னமே போய்விட்டார். இனி எடுப்பதற்குத் தடை சொல்ல ஆளில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. பேப்பரில் மேனகா என்றும் பக்கத்தில் முர்ஷித் என்றும் வந்தால் சாவீட்டில் நாலு பேர் கேட்பார்கள், அதைப் பார்த்து அவளும் வந்து நிற்பாள், வந்தால் என்னத்துக்கு வந்தாள் என்று யோசிக்க வேண்டிவரும். காரணம் அவ்வளவுதான். அது காணாது என்று அவனுக்கே தெரியும்.

பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வந்த அறிவித்தல்களை எல்லாம் வாசிப்பானுக்குள் போட்டு, 'மேனகா' என்று தேடுவான். எத்தனையோ மேனகாமார் வருவார்கள். முத்துலிங்கத்தின் மகள் மேனகா வரமாட்டாள். வரவில்லை என்றால் அக்கா உயிரோடிருக்கிறாள். அது போதும் அவனுக்கு. போய்ப் பார்க்காமலே அக்கா சுகமாயிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, இவ்வளவு பெரிய மெஷின் ஒன்று செய்து வைத்திருந்தான் மனுசன்.

முதல் திருத்தம் தை மாதம் வந்தது. அனுப்பியவர் பெயர் 'ஆர்எம்13'. படமில்லை, ஊரில்லை. நாலு வரி ஆங்கிலம். வாசிப்பான் ஒவ்வொரு வரியை வாசிக்கும்போதும் அதே தேடல் விதியைப் புதிது புதிதாகச் செய்கிறது, தொடக்கத்தில் ஒரே தரம் செய்து வைத்துக்கொண்டால் போதுமே என்று எழுதியிருந்தது. இரண்டு வரி கோட் இடம் மாறினால் சரி. தயாபரன் ஓடவிட்டுப் பார்த்தான். வேகம் கூடியது. இத்தனை வருசம் இதைக் காணாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கப்பட்டு, ஏற்றுக்கொண்டு, நன்றி போட்டான்.

அடுத்தது வந்தது. எழுத்து எழுத்தாக ஒட்டிச் சொல்லைச் சேர்க்காமல், தேவையான துண்டை ஒரே வெட்டாக வெட்டி எடுக்கலாம். சரிதான். அதற்கடுத்தது, 'பிறப்பிடமாகவும்' என்ற சொல் கிடைத்த பிறகும் வசனத்தின் கடைசிவரை ஏன் தேடிக்கொண்டு போக வேண்டும், கிடைத்ததும் நிற்கலாமே. அதுவும் சரி.

"ஒரு பிழையும் விடாத ஆள்," என்றான் ஜீவராணியிடம். "அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். "பிழை விட்டா ஏன் விட்டவன் எண்டு கேப்பியள். விடாட்டி ஏன் விடேல்லை எண்டு கேக்கிறியள். அந்தாள் என்னதான் செய்யிறது?"

"உமக்கு விளங்கேல்லை. இப்பிடித்தான் உலகம் முழுக்கப் பாவிக்கிற மென்பொருள் ஒண்டில ஒருத்தன் வருசக்கணக்கா நல்ல பிள்ளையா உதவி செய்து, எல்லாரும் நம்பினாப் பிறகு கள்ளக் கதவு ஒண்டை உள்ளுக்கு வைச்சவன். செய்தியில வந்தது."

"அது உலகம் முழுக்கப் பாவிக்கிறது. உங்கட செத்தவீட்டு மெஷினுக்குக் கள்ளக் கதவு வைச்சு ஆரப்பா உள்ளுக்கு வரப்போகினம்? செத்தவையோ?"

அவனுக்குச் சுட்டது. ஆனாலும் யோசித்தான். செத்தவர்களின் அறிவித்தலை இவ்வளவு வேகமாக வாசிக்க வேண்டிய அவசரம் யாருக்கு இருக்கும்? பத்து அறிவித்தல் வாசிக்கிறவனுக்கு வேகம் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் வாசிக்கிறவனுக்குத்தான் தேவை. எந்த ஊர்க்காரர், பிள்ளைகள் எந்த நாட்டில், யாரை யார் கட்டியிருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிரித்து அடுக்க நினைக்கிறவன் ஆர்? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொய் அழைப்பு எடுத்துச் சல்லி பறிக்கிற கூட்டமா? கலியாணத் தரகரா? அல்லது தமிழ்ச் சனத்தின் பெயர்களைச் சேர்த்து வைப்பதில் முன்பு மிகவும் பிரியமாக இருந்தவர்களா? அப்படி நினைத்தபோது எழும்பிப் போய்க் கதவுப் பூட்டை ஒருக்கால் ஆட்டிப் பார்த்தான்.

ஆர்எம் என்றால் என்ன? பதின்மூன்று என்றால் என்ன? கொழும்பு பதின்மூன்று என்றால் கொட்டாஞ்சேனை. கொட்டாஞ்சேனை என்றதும் அவனுக்கு ஒரே ஒரு ஆளின் ஞாபகம்தான் வரும். வந்த ஞாபகத்தை உடனே தள்ளி மூடினான். பதின்மூன்று எதுவாகவும் இருக்கலாம். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தெரிந்தவனுக்கு, சந்தேகிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சந்தேகிக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆர்எம்13 படாத பாடுபட வேண்டியிருந்தது. வாசிப்பானுக்குத் தயாபரன் போட்ட கட்டளை ஒன்று உண்டு. திருத்தம் அனுப்புகிறவர் அதோடு மாதிரி அறிவித்தல் ஒன்றையும், அதை வாசித்தால் வரவேண்டிய சரியான விடையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த மாதிரிகள் வாசிப்பானுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு எவர் எதை மாற்றினாலும், மெஷின் பழைய மாதிரிகள் எல்லாவற்றையும் மறுபடி வாசித்து, விடை பிசகவில்லை என்று காட்டினால்தான் மாற்றம் ஏறும். ஆர்எம்13 கற்பனை மாதிரிகளை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. தயாபரன் அவற்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒற்றை இடைவெளிக்கும் விளக்கம் கேட்டான். இந்தப் பெயர் எங்கிருந்து எடுத்தது, இந்த ஊர் ஏன், இந்த மாற்றம் உனக்கு என்னத்துக்கு உதவும் என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றைத் தவிர.

சித்திரையில், புதுவருசம் கழிந்த கிழமை, அது நடந்தது. அதுவரை ஆங்கிலத்தில் எழுதிய ஆர்எம்13 திடீரென்று தமிழில் எழுதியது. 'உங்களோடு நேரில் கொஞ்சம் கதைக்க வேண்டும். நீங்கள் கொழும்பில்தானே? நாங்களும் இங்கேதான். முடிந்தால் இந்தக் கிழமைக்குள் வாருங்கள்.'

"பாத்தீரோ!" என்று தயாபரன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினான். "இதுக்குத்தான் இவ்வளவு நாளும் நல்ல பிள்ளையா நடிச்சது. 'நாங்கள்' எண்டு போட்டிருக்கு. அப்ப ஒரு ஆளில்லை, கூட்டம்! இந்தக் கிழமைக்குள்ள வரட்டாம்!"

ஜீவராணி வாங்கி வாசித்தாள். "கேட்டுப் பாருங்கோவன், ஆர் நீங்கள் எண்டு."

"கேட்டா உண்மை சொல்லுவினமோ?"

அவன் பதில் எழுதினான். எழுதியதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்பினான். 'அறியாதவர்களை நேரில் சந்திக்கும் வழக்கம் எனக்கு இல்லை. சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதவும்.'

கொஞ்ச நேரத்தில் மறுமொழி வந்தது. 'சரி. பரவாயில்லை.' அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. திருத்தமும் இல்லை, கேள்வியும் இல்லை. தூண்டில் போட்டுப் பார்த்தார்கள், மீன் கடிக்கவில்லை, போய்விட்டார்கள் என்று தயாபரன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல 'மேனகா' என்று தேடினான். வழக்கம்போல இல்லை என்று வந்தது. நிம்மதியாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம் போட்டான்.

வைகாசி நடுப்பகுதியில் ஆர்எம்13 திரும்பி வந்தது. திருத்தம் சின்னது. சகோதரங்களைத் தேடும்போது வாசிப்பான் ஒவ்வொரு தரமும் வசனத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போகிறது, முன்பு விட்ட இடத்திலிருந்து பார்த்தால் போதும். தயாபரன் அந்த மாற்றத்தைப் பார்த்தான், அதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு மாதிரி அறிவித்தலைப் பார்த்தான்.

'கொழும்பு வெள்ளவத்தையைப் பிறப்பிடமாகவும் கொட்டாஞ்சேனையை வசிப்பிடமாகவும் கொண்ட ஷஹீமா என்றழைக்கப்பட்ட மேனகா அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற முத்துலிங்கம் தம்பதிகளின் அன்பு மகளும், முர்ஷித்தின் அன்பு மனைவியும், றுஷ்னாவின் அன்புத் தாயாரும், தயாபரனின் அன்புச் சகோதரியும் ஆவார்.'

கீழே, வரவேண்டிய விடை. சகோதரர்: தயாபரன்.

அவனுக்கு முதலில் வந்தது பயம். பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. கோபம் வந்ததும் மூளை தன் பழைய தொழிலைத் தொடங்கிவிட்டது. தன் குடும்பத்தை யாரோ தோண்டியிருக்கிறார்கள். அப்பாவின் பெயர், அக்காவின் பெயர், அத்தான் என்று அவன் ஒருநாளும் கூப்பிடாத அந்த மனுசனின் பெயர், எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள்.

ஆனால் இவ்வளவு காலம் அறிவித்தல் வாசித்தவனை இலேசில் ஏமாற்ற முடியுமா? அந்த வசனத்தை வைத்தியர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரிப் பார்த்தான். 'அன்னாரின் பூதவுடல்' என்று தொடங்குகிற பகுதியைக் காணவில்லை. இறுதிக்கிரியை எங்கே, தகனம் எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று ஒரு சொல் இல்லை. உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்று இல்லை. சனத்தைச் சாவீட்டுக்குக் கூப்பிடாத ஒரு மரண அறிவித்தலை அவன் தன் சீவியத்தில் கண்டதில்லை. அறிவித்தல் போடுவதே அதற்குத்தானே! அதோடு, அக்கா செத்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும், வாசிப்பான் பிடித்திருக்கும். வரவில்லை. ஆகவே பொய். நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆறிய நெஞ்சோடு எழுதினான்: 'இது பகிடி விடுகிற இடமில்லை. உயிரோடிருக்கிறவர்களைச் சாகடிக்க வேண்டாம்.' திருத்தத்தை நிராகரித்து, ஆர்எம்13 இனி எதுவும் அனுப்பமுடியாதபடி தடைசெய்தான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டின்போது ஜீவராணியிடம் எல்லாவற்றையும் காட்டி, தான் எப்படிப் பொய்யைப் பிடித்தேன் என்பதையும் வெற்றியோடு விளக்கினான். அவள் ஃபோனை வாங்கி அந்த அறிவித்தலை மறுபடி வாசித்தாள்.

"என்ன? நான் சொல்றது சரிதானே? தகன நேரம் இல்லையெண்டாப் பொய்தானே?"

"அவையள் எரிக்கிறேல்லையப்பா," என்றாள்.

"என்ன?"

"மச்சாள் சோனகரைக் கட்டினவ. ஷஹீமா எண்டு பேரும் மாத்தியிருக்கிறா. எங்கட ஒபிஸில பைறோஸான்ர வாப்பா காலமை செத்தவர், பின்னேரம் அடக்கம் முடிஞ்சுது. நான் போகேக்கை வீட்டில கதிரை மட்டுந்தான் இருந்தது. பேப்பரில அறிவித்தல் வந்து சனம் சேரும் வரைக்கும் அவையள் வைச்சிருக்கிறேல்லை." ஃபோனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "தகன நேரம் போடுறதுக்கு அங்க என்ன இருக்கு?"

தயாபரன் கையிலிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்தன. இல்லை, இல்லை, இல்லை என்று மெஷின் சொன்னதும், அவன் நிம்மதியாகத் தூங்கியதும். அக்கா எந்தப் பேப்பரிலும் ஒருபோதும் வந்திருக்கவே மாட்டாள். அந்த மெஷினால் அவளைக் காண ஒருநாளும் முடிந்திராது.

"நானும் வரட்டே?" என்று ஜீவராணி கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். லிஃப்டில் புதிதாக ஒரு ஆள் நின்றார். தயாபரன் அவரைப் பார்க்கவேயில்லை.

காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீலர் பிடித்தான். கொட்டாஞ்சேனை ஜம்பெட்டா வீதியில் இரண்டு கடையில் கேட்டதும், "முர்ஷித் நானாட கடை தானே? அந்தா, மேல வீடு," என்று காட்டினார்கள். கடைச் சட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒடுக்கமான படியில் ஏறினால் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று. மணியை அடித்தான்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வந்தாள். தலையில் சோல் போர்த்திருந்தாள். கதவைத் திறக்காமல் கம்பிக்குள்ளால் பார்த்தாள்.

"யாரு?"

"நான் தயாபரன்."

அவள் முகம் மாறவில்லை. "எந்தத் தயாபரன்?"

"வாசிப்பான்... அந்த மென்பொருள் செய்த..."

"அந்தப் பேர் முகப்புலேயே ஈக்கி. யாரும் பாத்துட்டு வந்து சொல்லேலும்."

அடையாள அட்டையை எடுத்துக் கம்பிக்குள்ளால் நீட்டினான். அவள் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு இன்னொருவர் கையில் தன் அடையாள அட்டை இருக்க, தான் வெளியில் நிற்பது அவனுக்கு உறைத்தது. "இப்ப ஐடி எல்லாம் லேசா அடிக்கிறாங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். "உம்மாவோட எடுத்த ஃபோட்டோ ஏதாச்சும் ஈக்கா?"

இல்லை. அக்கா போன கிழமையே அப்பா அல்பத்திலிருந்து எல்லாவற்றையும் உருவிவிட்டார். உருவியதை எங்கே போட்டார் என்று அவன் கேட்டதுகூட இல்லை.

"பிள்ளை, நான் உங்கட மாமா," என்றான்.

"உம்மாட தம்பி எண்டா அப்படி எழுதுவாரா?" என்றாள். "உம்மா மவுத்தாகி நான் அதை எழுதி அனுப்ப, பகிடி எண்டு எழுதுவாரா? எனக்கு நம்பேலாது."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கவுன் போட்ட வயதான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "யாரு றுஷ்னா?"

"உம்மாட தம்பியாம், நேசம் அன்ரி. வாப்பாவும் கடைச் சாமான் எடுக்கப் போயிட்டாங்க."

நேசம் அன்ரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெயில்ல வந்த மனுஷன். உள்ள உக்கார வை. நான் கூட இருக்கேன். அப்பா வந்து பாத்துக்கட்டும்."

கம்பிக் கதவு திறந்தது. முன்னறையில் ஒரு கதிரையில் அவனை இருத்தி, எதிரில் நேசம் அன்ரி காவலுக்கு உட்கார்ந்தார். மேசையில் பழைய லப்டொப் ஒன்று, ஒரு மூலை உடைந்து டேப் ஒட்டியபடி. தயாபரன் குனிந்த தலை நிமிரவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது. றுஷ்னா பால் தேத்தண்ணி ஒன்றைக் கொண்டுவந்து, வந்த ஆளுக்குக் கொடுக்கத்தானே வேண்டும் என்ற முகத்தோடு நீட்டினாள்.

அவன் எதையும் யோசிக்கவில்லை. தலைக்குள் அக்காவைத் தவிர ஒன்றுமில்லை. கை மட்டும் தன் பாட்டில் கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனது. மணந்தான். கை கொஞ்சம் விலகியது.

"இன்னொருக்கா மணப்பீங்க," என்றாள் றுஷ்னா.

கோப்பை அந்தரத்தில் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டு தரம்," என்றாள். "ரெண்டு தரம் மணக்காமக் குடிக்கமாட்டான் எண்டு உம்மா சென்னாங்க." அப்படியே தரையில் இருந்து, சோலால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நேசம் அன்ரி எழும்பிப் போய் அவள் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தார்.

அழுது முடிந்து அவள் கதைத்தாள். உம்மா தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தம்பியைக் கண்டுபிடித்துத் தா என்று கேட்டது. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு உம்மா கொடுத்த ஒரே வேலை அது. அவள் பேப்பர்க்காரரின் தளத்திலிருந்து வருசக்கணக்கான அறிவித்தல்களை இறக்கி, வாசிப்பானுக்குள் போட்டு, முத்துலிங்கம் என்ற பெயரைத் தேடியிருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்த உடைந்த லப்டொப்பில். மெஷினின் முகப்பைப் பார்த்தால் தம்பியின் பெயரே அங்கே இருந்திருக்கிறது.

"சித்திரையில வரச்சொல்லிக் கேட்ட அண்டைக்கு உம்மா எழும்பி உக்காந்து தலையெல்லாம் வாரிக்கிட்டாங்க," என்றாள். "என்னோட பேரைப் போடாத, பேர் பாத்தா வரமாட்டான், சும்மா வரச்சொல்லு எண்டாங்க. நீங்க அறியாத ஆள்களைச் சந்திக்கிறதில்ல எண்டு எழுதினீங்க. நான் வாசிச்சுக் காட்டினேன். உம்மா சிரிச்சாங்க, மாமா. நல்லாச் சிரிச்சாங்க. 'அவன் என்ர பாலையே ரெண்டு தரம் மணக்கிறவன், உன்னை நம்புவானா' எண்டாங்க. அதுக்குப் பொறகு பெரிசாக் கதைக்கல்ல."

ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகத் தயாபரன் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் கேட்டான். "அந்தத் திருத்தங்கள் எல்லாம்... தேடுறதுக்கு வேகம் காணாமலோ?"

"வேகத்துக்கு இல்ல," என்றாள். "அப்பப்பாட, இல்ல, உம்மாட அப்பாட அறிவித்தல் முதல் நாளே கெடச்சிட்டு. வாசிப்பான் பிள்ளைகள் ஒண்டு எண்டு காட்டிச்சு. தயாபரன் மட்டும். உம்மாட பேர் இல்ல. நான் மெஷின் பிழையா வாசிக்கிது எண்டு நினைச்சேன். ஒரு பேரை விட்டுட்டு எண்டு. அந்தப் பிழையைத் தேடித்தான் உங்கட கோட்டுக்குள்ள போனேன். ஒவ்வொரு வரியாப் பாத்தேன். போற வழியில கண்ட சின்னச் சின்னதைத்தான் திருத்தி அனுப்பினேன்." மூக்கைத் துடைத்தாள். "கடைசி வரைக்கும் பாத்தேன். பிழை ஒண்டும் இல்ல. பேப்பரில உள்ளபடி சரியாத்தான் வாசிச்சிருக்கு."

சுவரில் மின்விசிறி கறகறவென்று சுற்றியது.

"உம்மாட்டச் சொன்னீங்களோ?" என்று கேட்டான். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பயந்து பயந்து கேட்டான்.

"இல்ல. மெஷின் பிழை எண்டுதான் நான் சென்னேன். 'உங்கட பேரும் பேப்பரில ஈக்கி, தம்பிதான் போட்டிருக்கார், மெஷின்தான் வாசிக்கத் தவறிட்டு' எண்டு உம்மாட்டச் சென்னேன். உம்மா நம்பிட்டாங்க."

தயாபரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் இருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் தானும் தரையில் இருந்தான். நாலு பேருக்கு முன்னால் அழுது பழக்கமில்லாதவன். அழுதான். நேசம் அன்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வாப்பா வரும்வரை இருங்க என்றாள் றுஷ்னா. இருக்கிறேன் என்றான். பிறகு ஃபோனை எடுத்து, அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, தடையை நீக்கினான். நிராகரித்த திருத்தத்தைத் திறந்தான். தான் எழுதிய அந்த இரண்டு வரியை அழித்தான். ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அழுத்தினான். மெஷின் பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தது. இனி உலகத்தில் எவர் வாசிப்பானில் எதை மாற்றினாலும், அது இந்த அறிவித்தலையும் வாசித்துக் கடந்துதான் போக வேண்டும். புது மாதிரி கடைசியாக வந்தது.

சகோதரர்: தயாபரன். சரி.

மெஷின் எப்போதும்போலப் பிழையில்லாமல் வாசித்திருந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை அவன் எடுத்து, மணக்காமல் குடித்தான்.